வாட்டர்ஜெட் வெட்டும் எந்திரம்: தண்ணீர் போகும் வழியே ஒரு பராமரிப்புக் கையேடு

மிக உயர்ந்த அழுத்தத்தில் பாயும் நீர்த்தாரையில் கார்னெட் என்னும் கடின மணலைக் கலந்து உலோகத்தையும் கல்லையும் வெட்டும் வாட்டர்ஜெட் எந்திரத்தில் ஒரு பாகம் கெட்டுப்போனால், அதற்கான காரணம் பெரும்பாலும் அந்தப் பாகத்தில் இருப்பதில்லை. அதற்கு முன்னால், தண்ணீர் வந்த வழியில் எங்கோ இருக்கும். கடின நீர், தாரை கிளம்பும் நுண்துளைக் கல்லான ஆரிஃபிஸின் விளிம்பில் உப்பைப் படியவைக்கிறது. விளிம்பு சிதைந்த ஆரிஃபிஸிலிருந்து நீர்த்தாரை கோணலாகக் கிளம்புகிறது. அந்தக் கோணல் தாரை, தாரையும் மணலும் சேர்ந்து வெளியேறும், நூறு மணி நேரம் உழைக்க வேண்டிய நாசில் குழாயைச் சில மணி நேரத்தில் ஒரு பக்கமாக அரித்துவிடுகிறது. நாசிலை மட்டும் மாற்றிவிட்டு வேலையைத் தொடரும் பட்டறை, அடுத்த வாரமும் நாசில் வாங்கிக்கொண்டிருக்கும். ஆகவே இந்தக் கையேடு, தண்ணீர் எந்திரத்துக்குள் நுழையும் இடத்தில் தொடங்கி, அது தொட்டியில் விழும் இடம்வரை, அதே வரிசையில் செல்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது கோவை, ஓசூர், அம்பத்தூர் வட்டாரப் பட்டறைகளுக்குப் பழக்கமான 50 குதிரைத்திறன் இன்டென்சிஃபயர் பம்ப் கொண்ட எந்திரம். அதில் சுமார் 200 பார் அழுத்தமுள்ள ஹைட்ராலிக் எண்ணெய் ஒரு பெரிய பிஸ்டனைத் தள்ள, அதன் இரு பக்கமும் உள்ள, அதைவிடப் பரப்பில் 20 மடங்கு சிறிய பிளஞ்சர் தண்டுகள் மாறி மாறித் தண்ணீரை 4000 பார்வரை அழுத்துகின்றன. நிமிடத்துக்கு ஏறத்தாழ 3.8 லிட்டர் தண்ணீர் அதிகபட்சமாக 0.35 மில்லிமீட்டர் ஆரிஃபிஸ் வழியாக வெளியேறுகிறது. கிராங்க் தண்டால் இயங்கும் நேரடிப் பம்ப் வைத்திருப்பவர்களுக்குப் பம்ப் பற்றிய பகுதி சற்று மாறுபடும். மற்றவை அப்படியே பொருந்தும். இதிலுள்ள எண்களுக்கும் உங்கள் எந்திரத்தோடு வந்த புத்தகத்துக்கும் முரண்பாடு இருந்தால் புத்தகத்தின் எண்ணையே பின்பற்றுங்கள்.

கை வைப்பதற்கு முன்

4000 பார் அழுத்தத்தில் வெளியேறும் நீரின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய கசிவுகூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவு புள்ளிதான் இருக்கும். உள்ளே தசைக்கும் நரம்புக்கும் நேர்ந்த சேதமோ, தண்ணீரோடு போன மணலும் கிருமியுமோ மேலே தெரியாது. எனவே அப்படி ஒரு காயம் பட்டால் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பாமல், உடனடியாக அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, எவ்வளவு அழுத்தத்தில் எந்தத் திரவம் உடலுக்குள் புகுந்தது என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்த விவரங்களை ஒரு அட்டையில் எழுதி ஆபரேட்டரின் சட்டைப் பையில் வைத்திருக்கச் செய்வது நல்லது. புத்தகத்தில் படித்தவை பதற்றத்தில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

கசிவைத் தேட விரலைப் பயன்படுத்தக் கூடாது. எந்த நட்டைத் தொடுவதற்கு முன்பும் பம்பை நிறுத்தி, மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொண்டு, அழுத்தம் வெளியேற்றும் வால்வு திறந்திருக்கிறதா என்று பார்த்து, அழுத்த அளவி பூஜ்யத்தைக் காட்டிய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். அளவி ஒன்றை மட்டும் நம்பாமல், நாசில் வால்வை ஒருமுறை திறந்து மீதி அழுத்தத்தையும் விட்டுவிடுங்கள். அதன் பிறகு காற்று இணைப்பையும் மூடிவிடுங்கள். அழுத்தத்தில் இருக்கும் இணைப்பை இறுக்கிக் கசிவை நிறுத்தப் பார்ப்பது இந்தத் தொழிலில் மன்னிக்கவே முடியாத பழக்கம்.

உள்ளே வரும் தண்ணீர்

பராமரிப்புச் செலவில் பாதியை இந்த இடத்திலேயே தீர்மானித்துவிடலாம் என்பது என் கருத்து. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கரைந்த உப்பு பல இடங்களில் ஆயிரம் பி.பி.எம்.மைத் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) தாண்டுகிறது. பம்புக்கு அது 100 பி.பி.எம். அளவில் இருந்தால் சீல் (கசிவைத் தடுக்கும் வளையம்), செக் வால்வு (நீரை ஒரே திசையில் விடும் வால்வு), ஆரிஃபிஸ் ஆகிய மூன்றும் தம் முழு ஆயுளைக் கொடுக்கும். அதற்காக ஆர்.ஓ. வைப்பவர்கள் எதிர்ப்பக்கம் போய் 10, 20 பி.பி.எம். அளவுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்துவிடுவதும் உண்டு. அவ்வளவு தூய நீர் உலோகத்தையே கரைத்து எடுக்கத் தொடங்கும், ஆகவே ஆர்.ஓ. நீரோடு வடிகட்டிய சாதாரண நீரைக் கொஞ்சம் கலந்து, அளவை மேலே கொண்டுவர வேண்டும். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். வாரம் ஒருமுறை அளந்து எழுதிவைத்தால் ஆர்.ஓ. மெம்பிரேன் எப்போது களைத்துப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். சிறுவாணித் தண்ணீர் கிடைக்கும் பட்டறைகள் டி.டி.எஸ். பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்றாலும், குழாயில் வரும் துருவுக்கும் மண்ணுக்கும் பில்டர் வேண்டும்.

பில்டர்கள் வழக்கமாக 10 மைக்ரானில் தொடங்கி 1 மைக்ரான் அல்லது அதற்கும் கீழே முடியும். பில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அளவிகளைத் தினமும் காலையில் பாருங்கள். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 1 பாரை நெருங்கினால், வெள்ளையாகத் தெரிந்தாலும் அந்த கார்ட்ரிட்ஜின் வேலை முடிந்துவிட்டது. கழுவி மாட்டலாம் என்ற ஆசை வேண்டாம். பில்டர் அடைத்துக்கொண்டால் பிளஞ்சர் பின்வாங்கும்போது உருளை முழுதாக நிரம்பாமல், அடுத்த தள்ளலில் அதிர்ச்சி ஏற்பட்டு, சீல்களும் செக் வால்வுகளும் சேர்ந்து அடிபடும்.

வெப்பத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக வரும் தண்ணீரில் கை வைக்கவே முடியாது. அதைப் பம்புக்குக் கொடுத்தால் பாலிஎத்திலீன் சீல்கள் விரைவில் இளகிப்போகும். உள்ளே வரும் நீர் 25 டிகிரிக்குக் கீழே இருப்பது விரும்பத்தக்கது. சில்லர் வாங்க முடியாதவர்கள் குறைந்தபட்சம் தொட்டியைத் தரைமட்டத்தில், நிழலில் வைத்து, குழாயை வெயில் படாமல் கொண்டுவரலாம்.

பம்ப்: கசிவைப் படிப்பது எப்படி

உயர் அழுத்த இணைப்பு ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கசிவுத் துளை இருக்கும். உள்ளே எது தளர்ந்தாலும் தண்ணீர் அந்தத் துளை வழியே வெளியே வந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதை அடைத்துவைப்பது, காய்ச்சலைக் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பதற்குச் சமம். எந்தத் துளையிலிருந்து எத்தனை சொட்டு வருகிறது என்பதை ஒவ்வொரு நாளும் பம்ப் சூடான பிறகு, மூடியை அகற்றாமல், விளக்கடித்துப் பாருங்கள். பம்ப் தொடங்கியவுடன் ஓரிரு சொட்டு வந்து பிறகு நின்றுவிட்டால், சீல் இன்னும் உயிரோடு இருக்கிறது. சூடான பிறகும் சொட்டு நிற்காமல் வேகம் கூடினால் அடுத்த விடுமுறை நாளுக்குள் மாற்றியாக வேண்டும்.

கண்ணால் பார்க்க முடியாத உள்கசிவுக்கு இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது, நாசில் மூடிய நிலையில் பம்பை முழு அழுத்தத்தில் ஓடவிட்டு இன்டென்சிஃபயரின் அசைவைக் கவனிப்பது. தண்ணீர் போக வழியில்லாததால் பிளஞ்சர் ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். அது இங்கும் அங்கும் போய்க்கொண்டே இருந்தால் எங்கோ தண்ணீர் தப்புகிறது. இரண்டாவது, நாசிலைத் திறந்து வைத்து இடப்பக்கத் தள்ளலுக்கும் வலப்பக்கத் தள்ளலுக்கும் ஆகும் நேரத்தை ஒப்பிடுவது. இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இடப்பக்கம் வேகமாக முடிந்தால் அந்தப் பக்கத்து உயர் அழுத்த சீலையும் உள்வரும் செக் வால்வையும் முதலில் சந்தேகியுங்கள். அவை சரியாக இருந்தால், எதிர்ப்பக்கத்து வெளிச்செல்லும் செக் வால்வு பிடிக்காமல், அழுத்திய நீர் திரும்பி அந்த உருளைக்குள் போய்க்கொண்டிருக்கலாம். இதை உறுதிப்படுத்த அகச்சிவப்பு வெப்பமானி போதும்: உயர் அழுத்த நீர் ஒரு சிறு இடுக்கு வழியே தப்பும்போது சூடாகும் என்பதால், இரு முனைகளில் எது வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதோ அங்கேதான் பழுது. தொலைவிலிருந்தே அளக்கலாம் என்பது இந்தக் கருவியின் பெரிய வசதி.

4000 பார் அழுத்தத்தில், நல்ல தண்ணீரில், உயர் அழுத்த சீல்கள் ஏறத்தாழ 500 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மாற்றும்போது ஒரு பக்கத்து சீல் மட்டும் போயிருந்தாலும் இரு பக்கத்தையும் சேர்த்து மாற்றுவதே கணக்குக்குச் சரி. இரண்டும் ஒரே தண்ணீரைக் குடித்து ஒரே நேரம் ஓடியவை, இன்னொன்று பத்து நாளில் வரிசையில் வந்து நிற்கும். சீலோடு வெண்கல வளையத்தையும் ஓ-ரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். பிளஞ்சரை வெளியே எடுத்துத் துடைத்து, நகத்தை நீளவாக்கில் மட்டுமல்லாமல் சுற்றுவாக்கிலும் ஓட்டிப் பாருங்கள். நகம் தடைபடும் கீறல் இருந்தால் புது சீல் போட்டும் பயனில்லை. உருளையின் உட்சுவரில் பழைய சீல் படிந்த தடம் இருந்தால், தயாரிப்பாளர் அனுமதித்த மெல்லிய எமரித் தாளால் நீர் விட்டு மெருகேற்றி, துகள் ஒன்றுகூட மிஞ்சாதபடி கழுவ வேண்டும். சீலுக்கு உணவுத் தர வெள்ளை கிரீஸை மெல்லியதாகத் தடவி, கோணாமல் நேராக உள்ளே செலுத்துங்கள். புது சீலோடு நேராக 4000 பாருக்குப் போகாமல், 700 பார் அளவில் சில நிமிடங்கள் ஓட்டி, படிப்படியாக உயர்த்த வேண்டும்.

ஹைட்ராலிக் பக்கம் இதைவிட எளிது. எண்ணெய் பெரும்பாலும் வி.ஜி. 46 தரம், அளவுக் கண்ணாடியில் நிறம் பால்போல் மாறியிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள், அது குளிர்விப்பானிலிருந்தோ பிளஞ்சர் சீல் வழியாகவோ வந்திருக்கும். எண்ணெய் 50 டிகிரியைத் தாண்டி ஓடினால் குளிர்விப்பானைச் சுத்தம் செய்யுங்கள். பில்டரையும் எண்ணெயையும் புத்தகம் சொல்லும் மணிக்கணக்கில் மாற்றினால் போதும்.

குழாய்களும் நாசில் வால்வும்

உயர் அழுத்தக் குழாய்களின் முனை கூம்பாகக் கடையப்பட்டு, அதன் பின்னால் இடச்சுற்று மரையில் ஒரு காலர் (வளையம்) ஏறியிருக்கும். காலருக்கு முன்னால் ஒன்றரை முதல் இரண்டரை மரை வெளியே தெரிய வேண்டும். அதற்குக் குறைந்தால் கூம்பு, அது பொருந்தும் பள்ளமான இருக்கையில் முழுதாக அமராது. துருப்பிடிக்காத எஃகு மரைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் குணமுடையவை என்பதால் மரையில் ஆன்ட்டி-சீஸ் பசை அவசியம். கூம்பின் முகத்தில் மட்டும் அது படக் கூடாது, ஏனெனில் அங்கிருந்து அது நேராக ஆரிஃபிஸுக்குப் போய்ச் சேரும். டார்க் ரென்ச் இல்லாமல் "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்று முறுக்குவதால் இருக்கையின் வடிவமே கெட்டு, அடுத்தமுறை எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நிற்காது. எந்த இணைப்பைத் திறந்து மூடினாலும், ஆரிஃபிஸைக் கழற்றி வைத்துவிட்டு, குறைந்த அழுத்தத்தில் குழாயை ஒரு நிமிடம் அலசுங்கள்.

வெட்டி முடித்த பிறகும் நாசிலிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தால் வால்வின் ஊசியும் இருக்கையும் தேய்ந்துவிட்டன. இந்த ஒழுகலைச் சின்ன விஷயம் என்று விட்டால், அது கலவை அறையில் தங்கும் கார்னெட்டை நனைத்துக் கட்டியாக்கி, அடுத்த வெட்டு தொடங்கும்போது நாசிலை அடைக்கும்; அடைத்த நாசிலிலிருந்து தண்ணீர் மேலேறிக் கார்னெட் குழாய் முழுவதையும் சகதியாக்கும்.

ஆரிஃபிஸும் நாசிலும்

சபையர், ரூபி ஆரிஃபிஸ்கள் பொதுவாக 50 முதல் 100 மணி நேரம்வரை உழைக்கும். வைர ஆரிஃபிஸ் விலை பல மடங்கு என்றாலும் ஆயுள் ஆயிரம் மணி நேரத்தை எட்டக்கூடியது. தண்ணீர் சரியில்லாத பட்டறையில் வைரம் வாங்குவது வீண். ஆரிஃபிஸின் நிலையை அறிய, நாசிலையும் கார்னெட்டையும் அகற்றி, குறைந்த அழுத்தத்தில் தாரையை விலகி நின்று பாருங்கள்: நல்ல ஆரிஃபிஸிலிருந்து வரும் தாரை கண்ணாடிக் கம்பிபோல் இறுகி, நேராக இறங்கும், விளிம்பு உடைந்திருந்தால் கிளம்பிய இடத்திலேயே வெண்மையாக விரிந்தோ ஒரு பக்கம் சாய்ந்தோ வரும். உப்புப் படிவு மட்டும்தான் காரணம் என்றால் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவினால் மீண்டுவிடும். பூதக்கண்ணாடியில் விளிம்பைப் பார்க்காமல் திரும்ப மாட்டாதீர்கள்.

டங்ஸ்டன் கார்பைடு நாசிலின் உள்துளை, ஆரிஃபிஸைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 0.25 ஆரிஃபிஸோடு 0.76 நாசிலும், 0.35 ஆரிஃபிஸோடு 1.02 நாசிலும் சேரும். நாசில் தேயத் தேயத் துளை அகலமாகி முட்டை வடிவம் எடுக்கும். வெட்டின் அகலமும் சரிவும் கூடும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாசிலைக் கால் சுற்றுத் திருப்பி மாட்டினால் தேய்மானம் சுற்றிலும் பரவும். அளவு முள்ளை நுழைத்துத் துளையை அளந்து, கட்டுப்பாட்டுக் கணினியில் வெட்டின் அகலத் திருத்தத்தையும் அதற்கேற்ப மாற்றுங்கள். இதைச் செய்யாததால்தான் காலையில் சரியாக வந்த பாகம் மாலையில் அளவு குறைந்து போகிறது. தேய்ந்த நாசில்களை எறியாமல் கிரானைட், தடித்த தகடு போன்ற துல்லியம் தேவைப்படாத வேலைகளுக்கு ஒதுக்கிவைக்கலாம்.

கார்னெட்

தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கடற்கரைகளின் கார்னெட் மணல் உலகெங்கும் இந்தத் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தாது மணல் அள்ளுவதற்கு மாநில அரசு 2013இல் தடை விதித்த பிறகு, ஒரே பெயரில் வரும் மூட்டைகள்கூட ஒரே தரத்தில் வரும் என்று எதிர்பார்க்க முடிவதில்லை. ஆகவே ஒவ்வொரு புது லோடிலும் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணாடிக் குவளையில் ஆர்.ஓ. தண்ணீரை எடுத்து டி.டி.எஸ். அளந்து, ஒரு கைப்பிடி கார்னெட்டைப் போட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். எண் எகிறினால் கடல் உப்பு சரியாகக் கழுவப்படவில்லை. அது தொட்டியையும் வெட்டும் எஃகையும் துருப்பிடிக்க வைக்கும். தண்ணீர் தெளியாமல் கலங்கியே நின்றால் தூசி அதிகம். அது ஈரத்தைப் பிடித்துக் குழாயில் அடைக்கும். பெருமணலையும் சாக்கு நூலையும் பிரிக்க, கார்னெட்டைக் கொட்டும் ஹாப்பரின் வாயில் ஒரு சல்லடை நிரந்தரமாக இருக்கட்டும்.

வழக்கமான 80 மெஷ் (சல்லடை எண்) கார்னெட் நிமிடத்துக்கு 300 முதல் 600 கிராம்வரை செலவாகும். திரையில் தெரியும் எண்ணை நம்பாமல், மாதம் ஒருமுறை குழாயைக் கழற்றி ஒரு நிமிடம் டப்பாவில் பிடித்து எடைபோடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் அடுக்கி, காற்று இணைப்பில் உள்ள ஈரப் பிரிப்பானைத் தினமும் வடிக்க வேண்டும்.

வெட்டிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், நீரின் அழுத்தம் இறங்கிய பிறகும் குழாயில் மீதியிருக்கும் கார்னெட் விழுந்து நாசிலை நிரப்பும். மின்சாரம் வந்ததும் நேராகப் பொத்தானை அழுத்தாமல், நாசிலைக் கழற்றி, ஊதி, கார்னெட் குழாய் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள்.

தொட்டியும் அச்சுகளும்

நிமிடத்துக்கு 400 கிராம் என்று ஆறு மணி நேரம் வெட்டினால் ஒரு நாளில் ஏறத்தாழ 150 கிலோ மணல் தொட்டியில் சேரும். ஆறு நாளில் அது 850 கிலோவைத் தாண்டும். சகதி, தகட்டைத் தாங்கும் பட்டைகளின் அடியை எட்டுவதற்கு முன் அள்ளிவிடுங்கள். பட்டைகள் அரிபட்டு மேடுபள்ளமாகிவிட்டால் தகடு சமமாக உட்காராது, நாசில் உயரமும் தவறிப்போகும். கார்னெட் மட்டும் தீங்கற்றது என்றாலும், ஈயம், செம்பு, குரோமியம் கலந்த உலோகங்களை வெட்டிய சகதியைச் சாலையோரம் கொட்டக் கூடாது. அதைத் தனியாகச் சேர்த்து மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விதிகளின்படி அகற்ற வேண்டும்.

வெட்டும் தலையை நகர்த்தும் அச்சுகளைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: அவற்றை மூடும் பெல்லோஸ் (மடிப்பு) உறையில் கிழிசல் இருந்தால் அன்றே மாற்றுங்கள். உள்ளே புகுந்த கார்னெட் கிரீஸோடு சேர்ந்தால் அது, அச்சை நகர்த்தும் திருகான பால் ஸ்க்ரூவுக்கு அரைக்கும் பசையாகிவிடும். கழுவும்போது தண்ணீர்க் குழாயை உறையின் பக்கம் திருப்பாதீர்கள்.

மணிக்கணக்கு ஏடும் நீண்ட விடுமுறையும்

ஒவ்வொரு பாகத்துக்கும் அது மாட்டப்பட்ட நாளில் பம்பின் மணிமானி காட்டிய எண்ணையும், கழற்றிய நாளின் எண்ணையும், கழற்றியதற்கான காரணத்தையும் ஒரு ஏட்டில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் தண்ணீரில், உங்கள் மணலில் எது எத்தனை மணி நேரம் ஓடும் என்பது தெரிந்துவிடும். தயாரிப்பாளரின் அட்டவணையைவிட அது உங்களுக்குப் பயன்படும். அதை வைத்தே இரண்டு ஜோடி சீல், ஒரு செக் வால்வு கிட், ஓர் ஊசி-இருக்கை, சில ஆரிஃபிஸ், நாசில் என்று உதிரிகளை முன்னதாக வாங்கிவையுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய ஒரு சின்ன வளையத்துக்காக வாரக்கணக்கில் எந்திரம் நிற்பதைவிட அது மலிவு. உருளைகளும் அழுத்தத் தேக்கியும் ஏற்ற இறக்கத்தால் களைப்படைந்து விரிசல் விடும் பாகங்கள் என்பதால், அவற்றின் ஆய்வை மட்டும் தயாரிப்பாளர் சொன்ன மணிக்கணக்கில், அவர்களுடைய ஆட்களைக் கொண்டே செய்யுங்கள்.

பொங்கல், தீபாவளிக்கு நான்கைந்து நாள் மூடும்போது, கார்னெட்டை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் வெறும் தண்ணீரை ஓட்டி, நாசிலையும் ஆரிஃபிஸையும் கழற்றித் துடைத்து உலர வைத்து, ஹாப்பரைக் காலி செய்து, உள்வரும் தண்ணீரை அடைத்துவிடுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பவர்கள் பம்பின் உறையில் தாராளமாக வைக்கலாம். கைடு தண்டவாளத்திலும் நாசில் வாயிலும் வேண்டாம். திரும்பத் திறக்கும் நாளில் பில்டர் கிண்ணத்தில் தேங்கிய நீரை முதலில் வடித்து, ஆரிஃபிஸ் இல்லாமல் குழாயை அலசி, குறைந்த அழுத்தத்தில் கால் மணி நேரம் ஓட்டி, கசிவுத் துளைகளை ஒருமுறை விளக்கடித்துப் பார்த்த பிறகு முதல் தகட்டை ஏற்றுங்கள்.